பெங்களூரில் கிறிஸ்தவர் ஒருவர் இந்து துணையைத் திருமணம் செய்ய: ஆயரிடம் கேட்பது முதல் சான்றிதழ் வாங்குவது வரை

வேலைக்காகப் பெங்களூர் வந்த தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கேயே ஒரு இந்துப் பையனையோ பெண்ணையோ விரும்பி, இரண்டு வீட்டிலும் எப்படியோ சம்மதம் வாங்கி, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் ஆலயத்துக்குப் போய் நிற்கிறார்கள். எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). என் கணவர் தர்மபுரிக்காரர், இந்து. நாங்கள் அலைந்த நாட்களில் ஒரு ஆயர் சொன்னதை இன்னொரு ஆயர் மறுத்தார், பதிவு அலுவலகத்தில் வேறொன்று சொன்னார்கள், வழக்கறிஞர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகளில் திருமணம் முடித்த நண்பர்களிடம் கேட்டறிந்ததையும் சேர்த்திருக்கிறேன்.

கையில் குறைந்தது ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். காகித வேலைக்கு அதில் பாதி போதும். மீதி நேரம் ஞானஸ்நானம், பிள்ளை வளர்ப்பு, தாலி, கோவில் சடங்கு பற்றிய பேச்சுக்குப் போய்விடும்.

1. ஆலயத்துக்குப் போகும் முன் நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள்

ஆயர் கேட்கப் போகும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். உங்கள் துணை ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாரா? எடுப்பதென்றால் யாருக்காக? பிள்ளை பிறந்தால் எந்த வழியில் வளரும்? ஆலயத்தில் திருமணம் ஆன அன்றே கோவிலிலோ மண்டபத்திலோ இன்னொரு தாலி கட்டுவீர்களா? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆலயத்துக்குப் போனால் அவருக்குச் சங்கடமா? அவர் வீட்டுக் குலதெய்வப் படையலுக்கு நீங்கள் வருவீர்களா, அதைச் சாப்பிடுவீர்களா?

இவற்றுக்கு ஆயர் முன்னால் வைத்துப் பதில் தேடக் கூடாது. ஆயர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் "பார்த்துக்கலாம்" என்று சொல்லி இன்னொருவர் முகம் மாறினால் அந்தச் சந்திப்பு அத்தோடு முடிந்தது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி மட்டும் நன்றாக நேரம் எடுத்துப் பேசுங்கள். மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம், இதில் பின்னால் விட்டுக்கொடுப்பது ரொம்பக் கஷ்டம்.

2. எந்தச் சட்டப்படி திருமணம் என்று தீர்மானியுங்கள்

வழி மூன்று இருக்கிறது.

முதல் வழி, 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே இந்தச் சட்டப்படி ஆலயத்தில் திருமணம் நடத்த முடியும், இருவரும் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஆயர் நடத்திவைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அது அவருடைய சபையின் ஒழுங்கையும் அவருடைய மனச்சாட்சியையும் பொறுத்தது.

இரண்டாவது, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் திருமணம், பிறகு ஆலயத்தில் ஓர் ஆசீர்வாத ஆராதனை. நிறைய ஆயர்கள் இதற்குத்தான் சம்மதிக்கிறார்கள்.

மூன்றாவது, ஆலயத்தில் முதல் வழிப்படி திருமணம் செய்துவிட்டு, அந்தத் திருமணத்தையே சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் பதிவு செய்வது.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. "கோவிலில் தாலி கட்டி, இந்து திருமணச் சட்டத்தில் பதிவு பண்ணிடலாம், ஒரே நாளில் முடிஞ்சிடும்" என்று பதிவு அலுவலக வாசலில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். கிறிஸ்தவர் ஒருவர் மதம் மாறாமல் இந்து முறைப்படி செய்த திருமணம் அந்தச் சட்டத்தில் செல்லாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜீவனாம்சம், வாரிசுரிமை என்று என்றாவது ஒரு நாள் கேள்வி வரும்போது அந்தக் காகிதம் உங்களுக்குக் கைகொடுக்காது.

சிறப்புத் திருமணச் சட்டம் என்று முடிவெடுத்தால் இன்னொன்றையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்து ஒருவர் வேறு மதத்தவரை இந்தச் சட்டப்படி மணந்தால், 19-ஆம் பிரிவின்படி அவர் அந்தக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகிவிடுகிறார். சொத்து வாரிசுரிமையும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் போகிறது. ஊரில் பாகம் பிரிக்காத நிலம் இருக்கும் வீடு என்றால் இதை மாமனார் மாமியாருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவது நல்லது. பிறகு தெரிந்தால் மருமகள் திட்டம் போட்டுச் செய்தாள் என்ற பேச்சு வரும்.

3. சொந்த ஊர் சபையிலிருந்து கடிதம்

பெங்களூரில் நீங்கள் ஐந்து வருடமாக ஒரே ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தாலும், பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் நீங்கள் விருந்தாளிதான். இங்குள்ள ஆயர் முதலில் கேட்பது ஊர் ஆயரின் கடிதத்தை. கீழ்க்காண்பவற்றை ஒரே பயணத்தில் வாங்கி வாருங்கள்:

- ஞானஸ்நானச் சான்று. கத்தோலிக்கர் என்றால் பழைய சான்று உதவாது. உங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் திருமணக் குறிப்பு எதுவும் இல்லை என்று காட்டும்படி, கடந்த ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்த நகல் கேட்பார்கள்.
- திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவரைச் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கு) சான்று. கத்தோலிக்கருக்கு உறுதிபூசுதல் சான்று.
- இதுவரை திருமணம் ஆகாதவர், இங்கே திருமணம் செய்ய ஆட்சேபணை இல்லை என்று ஆயர் கையெழுத்தும் சபை முத்திரையும் வைத்த கடிதம்.
- ஓலை (ஆராதனையில் சபை முன் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசித்து முடித்ததற்கான சான்று. இதைப் பிறகு வாங்கலாம், ஆனால் எப்போது வாசிப்பார்கள் என்று அப்போதே பேசிவிடுங்கள்.

சபை சந்தா பாக்கி இருந்தால் கடிதம் கைக்கு வராது. எங்கள் பக்கத்தில் பல சபைகளில் அப்பா பெயரில் வருடக்கணக்கில் பாக்கி நிற்கும், வீட்டில் யாருக்கும் நினைவு இருக்காது. போகும் முன் சபைக் கணக்கரிடம் போனில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், ஓலை. ஊரில் ஓலை வாசித்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் துணையின் பெயர் சபை முழுக்கக் கேட்கும். இந்துப் பெயர் என்றால் சித்தப்பா பெரியப்பா எல்லோருக்கும் அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். சொந்தபந்தங்களுக்கு முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள், ஆலயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள விடாதீர்கள்.

4. ஆயரோடு முதல் சந்திப்பு

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும் நேரத்தில் இதைக் கேட்காதீர்கள். வாரநாளில் நேரம் கேட்டு, இருவருமாகப் போங்கள். அப்பா அம்மா அடுத்த முறை வரட்டும்.

மறைக்காமல் பேசுங்கள். நாங்கள் போன ஓர் ஆலயத்தில் முதலில் சரி என்று சொன்னார்கள், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் சபைக் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதனால் ஆயரின் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். "கமிட்டியில் வைக்க வேண்டுமா, பேராயரிடம் அனுமதி வாங்க வேண்டுமா, எழுத்தில் எப்போது கிடைக்கும்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சில ஆயர்கள் முடியாது என்றுதான் சொல்வார்கள். 2 கொரிந்தியர் 6:14-ஐ எடுத்துக் காட்டுவார்கள். வேறு சிலர் 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தை எடுத்து, விசுவாசியல்லாத துணையோடு வாழும் வாழ்க்கையையும் பவுல் தள்ளிவிடவில்லை என்பார்கள். இரண்டு தரப்பிலும் வேதத்தை மதிக்கிற மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். முடியாது என்று நேரடியாகச் சொல்லும் ஆயரோடு வாதம் செய்யாதீர்கள். அவர் தன் பொறுப்பை நினைத்துத்தான் சொல்கிறார், உங்களுக்கும் நேரம் மிச்சம். ஆசீர்வாத ஜெபம் மட்டுமாவது செய்வாரா, இன்னொரு சபைக்குக் கடிதம் தருவாரா என்று கேளுங்கள். பல நேரம் தருவார்.

அதே சந்திப்பில் தாலி, குங்குமம், மெட்டி, ஆரத்தி பற்றியும் கேட்டுவிடுங்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்க ஆலயங்களில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை ஜெபித்துக் கட்டுவது நம்மிடையே சாதாரணம். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் தாலியும் கிடையாது, நகையும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் பரம்பரைத் தாலியைக் கொண்டுவந்து நீட்டும்போது ஆலயத்துக்குள் தகராறு வரக் கூடாது. திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) உண்டா என்பதையும் கேளுங்கள். உண்டு என்றால் இந்து உறவினர்கள் எழுந்து வரிசையில் வந்து நின்று திரும்ப நேராதபடி முன்பே அறிவிக்கச் சொல்லுங்கள்.

சுயாதீன சபைப் போதகர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, உங்களிடம் திருமணம் நடத்த அரசு உரிமம் இருக்கிறதா?" பேராயர் அபிஷேகம் பெற்ற சி.எஸ்.ஐ. ஆயர்கள், கத்தோலிக்கக் குருக்கள் ஆகியோருக்குச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. சுயாதீனப் போதகர்கள் மாநில அரசிடம் தனியாக உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்திவைத்தால் 68-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை. பெங்களூரில் வாடகை மண்டபத்தில் நடக்கும் சபைகள் எத்தனையோ, எல்லாப் போதகரிடமும் உரிமம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உரிம நகலைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

5. கத்தோலிக்கர் என்றால் கூடுதலாக

ஞானஸ்நானம் பெறாத ஒருவரை மணக்க மறைமாவட்ட ஆயரின் (கத்தோலிக்கர் ஆயர் என்பது பிஷப்பை) விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் நடந்த திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது. மணப்பவர் சி.எஸ்.ஐ. போன்ற வேறு சபைக் கிறிஸ்தவர் என்றால் ஆயரின் அனுமதி போதும். இரண்டுக்கும் மனுவை உங்கள் பங்குத்தந்தைதான் அனுப்புவார், நீங்கள் நேராகப் போய்ப் பயனில்லை.

கத்தோலிக்கத் தரப்பு இரண்டு வாக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்: தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதெல்லாம் செய்வேன். மற்றவர் இதில் கையெழுத்துப் போட்டு மதம் மாற வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. இப்படி ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டுப் பிள்ளை பிறந்தபின் மறுப்பது நியாயமில்லை. முதல் தலைப்பில் சொன்ன பேச்சு இதற்குத்தான்.

ஆலயத்துக்கு முன்போ பின்போ இன்னொரு மதச் சடங்கில் மீண்டும் திருமண சம்மதம் கொடுப்பதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. காலையில் ஆலயம், மாலையில் மண்டபத்தில் ஐயர் என்ற திட்டம் இங்கே நடக்காது. திருமணத் தயாரிப்பு வகுப்புக்கும் இருவரும் போக வேண்டும். முகூர்த்த மாதங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், தேதி கிடைத்ததும் பெயர் கொடுங்கள்.

6. திருமணத்துக்காக ஞானஸ்நானம்: அவசரப்படாதீர்கள்

வீட்டுப் பெரியவர்கள் சுலபமான வழி என்று இதைத்தான் சொல்வார்கள். "ஒரு தண்ணிதானே, எடுத்துக்கட்டும், எல்லாம் சரியாயிடும்." என் வீட்டிலும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம்பாத ஒருவரை நம்புகிறேன் என்று சபை முன்னால் சொல்லவைப்பது அவருக்கும் அவமானம், ஞானஸ்நானத்துக்கும் அவமானம். நல்ல ஆயர்கள் பலர் திருமணத் தேதியைக் காட்டிக் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்றே சொல்கிறார்கள். அந்த ஆயர்களை நான் மதிக்கிறேன்.

உங்கள் துணை உண்மையிலேயே விரும்பினால் தாராளமாக எடுக்கட்டும். அதற்கு உரிய காலத்தைக் கொடுங்கள். கத்தோலிக்கத்தில் பெரியவர்களுக்கான தயாரிப்பு பல மாதம் நடந்து, வழக்கமாக ஈஸ்டர் திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு கொடுக்கப்படும். சி.எஸ்.ஐ.யில் வகுப்பு முடித்து, ஞானஸ்நானம் பெற்று, பிறகு பேராயர் வரும் நாளில் திடப்படுத்தல். இதை மண்டபத் தேதிக்குள் திணிக்க முடியாது.

சட்டப் பக்கமும் இருக்கிறது. கர்நாடகத்தில் 2022-இல் மதமாற்றச் சட்டம் கொண்டுவரப்பட்டது. மதம் மாறுபவர் 30 நாள் முன்பே மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், ஞானஸ்நானம் கொடுப்பவரும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். திருமண வாக்குறுதியைக் காட்டி மதம் மாற்றுவதையும் குற்றமாக்கியது. பெற்றோர், உடன்பிறந்தோர், உறவினர் மட்டுமல்ல, உடன் வேலை செய்பவர்கூடப் புகார் கொடுக்கலாம் என்று வைத்தது. 2023 ஜூனில் மாநில அமைச்சரவை இதை நீக்க முடிவெடுத்தது. நீங்கள் ஞானஸ்நானம் பற்றிப் பேசும் நாளில் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள். மாட்டிக்கொள்பவர் ஆயராக இருப்பார்.

துணை பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் இன்னும் கவனம். 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து. ஞானஸ்நானம் எடுத்தால் அது போய்விடும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவராக இருந்துகொண்டே இந்து என்று பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அரசு வேலையிலோ அதற்கான தயாரிப்பிலோ இருப்பவரிடம் "ஒரு தண்ணிதானே" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தலித் கிறிஸ்தவர்களுக்கு அந்த உரிமை மறுக்கப்படுவது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த அநியாயத்தின் விலையை உங்கள் துணை தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது.

பெந்தெகொஸ்தே சபையில் நீங்களே சி.எஸ்.ஐ. அல்லது கத்தோலிக்கர் என்றாலும் முழுக்கு ஞானஸ்நானம் கேட்பார்கள். அதை எடுத்தால் பழைய சபையில் உங்கள் பெயர் என்னவாகும் என்று ஊர் ஆயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. நாள் குறிப்பது

தவக்காலத்திலும் (ஈஸ்டருக்கு முந்தைய வாரங்கள்) திருவருகைக் காலத்திலும் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) பெரும்பாலான ஆலயங்களில் திருமணம் கிடையாது. இந்துத் துணையின் வீட்டில் ஆடியும் மார்கழியும் ஆகாது. இரண்டையும் கழித்தால் தை மாதமும், ஈஸ்டருக்குப் பிந்தைய சித்திரை, வைகாசி, ஆனியும், ஆவணியும், ஐப்பசியும் மிஞ்சும். புரட்டாசியில் செய்வார்களா என்று வீட்டுக்கு வீடு வேறுபடும், கேளுங்கள்.

நேரமும் சிக்கல்தான். கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் திருமணம் நடத்த வேண்டும் என்கிறது. சில சபைகளின் ஆயர்களுக்குச் சிறப்பு அனுமதி தரும் வழி உண்டு என்றாலும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நாலரை மணி பிரம்ம முகூர்த்தம் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள், பகலில் வேறு நல்ல நேரம் இல்லாமல் போகாது.

உரிமம் பெற்ற போதகர் முன் நடப்பதென்றால், அவர் நோட்டீஸ் ஒட்டிச் சான்று கொடுத்த 2 மாதத்துக்குள் திருமணம் முடிய வேண்டும்.

8. பதிவு அலுவலகம்

சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருந்தால் வாடகை ஒப்பந்தம் காட்ட வேண்டும். ஆண் பிள்ளைகள் தங்கும் பி.ஜி.யில் ஒப்பந்தமே போட்டிருக்க மாட்டார்கள். ஆதார் முகவரியை முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது.

கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் விவரம் பதிந்து, நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் ஆட்சேபணைக் காலம். அதற்குப் பிறகு, நோட்டீஸ் தேதியிலிருந்து 3 மாதம் முடியும் முன் திருமணம் நடக்க வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. தேவையானவை: வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், திருமணமாகாதவர் என்ற அஃபிடவிட், ஏற்கெனவே திருமணம் ஆனவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்று, அன்று நேரில் வர மூன்று சாட்சிகள். ஆலயத் திருமணத்துக்கு இரண்டு சாட்சி போதும், இங்கே மூன்று.

உங்கள் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்று எழுதினால் நோட்டீஸ் நகல் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் போகும், அங்கேயும் பலகையில் ஒட்டுவார்கள். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவாகரத்து ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சபை நீதிமன்றம் கொடுத்த ரத்து, அரசு சட்டத்தில் விவாகரத்து ஆகாது. 1996-லும் 2017-லும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. அரசு நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் வைத்துக்கொண்டு கத்தோலிக்க ஆலயத்துக்குப் போனாலும் நடக்காது. இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

9. செலவு

அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். வாசலில் நிற்கும் இடைத்தரகர் ஆயிரக்கணக்கில் கேட்பார், நோட்டீஸ் காலத்தைக் குறைத்துத் தருகிறேன் என்றும் சொல்வார். 30 நாளை யாராலும் குறைக்க முடியாது. ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி செலவு தனி.

ஆலயத்தில் உறுப்பினருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு கட்டணம். அதற்குமேல் பாடகர் குழு, ஆர்கன், ஜெனரேட்டர், சுத்தம் செய்பவர், அலங்காரத்துக்கு முன்வைப்புத் தொகை. பட்டியலை எழுத்தில் வாங்கி, கட்டியதற்கு ரசீது கேளுங்கள். ஆயருக்குக் கொடுக்கும் காணிக்கை உங்கள் விருப்பம், அதை யாரும் தொகை சொல்லிக் கேட்கக் கூடாது. வழக்கறிஞர் ஆலோசனைக்குப் பணம் ஒதுக்குங்கள், நாங்கள் செலவழித்ததில் மிகப் பயன்பட்டது அதுதான்.

10. அன்றும் அதற்கப்புறமும்

கையெழுத்துப் போடும் முன் பதிவேட்டை நிதானமாகப் படியுங்கள். முன்னெழுத்தை விரித்து எழுதுவதில்தான் நம் தமிழ்ப் பெயர்கள் மாட்டிக்கொள்கின்றன. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். மதம் என்ற இடத்தில் உங்கள் துணை இந்து என்றால் இந்து என்றே இருக்கட்டும். ஆயர் சங்கடப்பட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் நிரப்பச் சொல்லுங்கள்.

பதிவு அலுவலகத்தில் திருமணம் ஆகிவிட்டால் ஆலயத்தில் நடப்பது ஆசீர்வாதம் மட்டுமே. அதற்கும் தனியாகத் திருமணச் சான்று எழுதி வாங்கினால் இரண்டு தேதியில் இரண்டு சான்று உங்கள் கையில் இருக்கும், விசா நேரத்தில் எது உண்மை என்று கேட்பார்கள். ஆலயத் திருமணம் முதலில் என்றால் 15-ஆம் பிரிவுப் பதிவில் ஆலயத் தேதியே வரும், குழப்பம் இல்லை. அந்தப் பதிவுக்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு, அதனால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் திருமணம் ஆன வாரமே மனுக் கொடுத்துவிடுங்கள். ஆலயச் சான்றின் முத்திரையிட்ட நகல் நான்கைந்து வாங்கி வையுங்கள். ஊர் சபைக்கு ஒன்றை அனுப்பினால்தான் அங்கே உங்கள் பதிவேட்டில் திருமணக் குறிப்பு ஏறும், நாளைக்குப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அந்தக் குறிப்பைத்தான் கேட்பார்கள்.